கண்டிச் சீமையும் துண்டுக் கடனும்

புதிதாகச் சேர்ந்த வேலையை ஒரு மாதத்திலோ இரண்டு மாதத்திலோ விட்டு விலக நேர்ந்தவன், அந்த வேலையைத் தன் உடம்பும் மனமும் ஏற்கவில்லை என்பதைத் தெளிவாக அறிந்திருந்தும், ஏதோ திருடிவிட்டு வந்தவனைப் போலத் தலைகுனிந்து நடப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கண்டி நகரத்துக் கடைத்தெருக்களிலும் அலுவலகங்களிலும், ஹந்தானை, புசல்லாவை, மடுல்கலை முதலிய மலைப்பக்கங்களிலிருந்து இறங்கிவந்து முதன்முதலாகச் சம்பளத்துக்கு அமரும் இளைஞர்களிடமும் யுவதிகளிடமும் இந்தக் குற்ற உணர்ச்சி சற்று மிகையாகவே காணப்படுகிறது. முதலாளி என்ன நினைப்பாரோ, சிபாரிசு செய்த மாமாவின் முகத்தில் எப்படி விழிப்பேன், வாங்கிய முற்பணத்துக்கு என்ன சமாதானம் சொல்வேன் என்று இரவெல்லாம் உறக்கமின்றிப் புரளுகிறவர்களைக் கண்டு, இது இயற்கையான மனச்சாட்சியின் குரல்தானே என்று பெரியவர்கள் மெச்சிக்கொள்வதும் உண்டு. மனச்சாட்சியின் குரல் அதில் இல்லாமற் போகவில்லை. ஆனால் இந்த மலைநாட்டின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு, அந்தக் குரலோடு வேறொரு குரலும் கலந்து ஒலிப்பது கேட்கும். அது நூறாண்டுகளுக்கு முன் இங்கே ஆட்சி புரிந்த கடன் பேரேட்டின் குரல்.

வேலையை விட்டு விலகுவது பாவம் என்ற எண்ணம் கண்டி மண்ணுக்கு ஆதியிலிருந்தே உரியதன்று. கண்டியரசர் காலத்தில் நிலமெல்லாம் அரசனுடையது. நிலத்தை அனுபவித்தவர்கள் அதற்கு ஈடாக ராஜகாரியம் என்னும் ஊழியத்தைச் செய்துவந்தார்கள். அந்த ஊழியம் இலேசானதாயிருக்கவில்லை. அரண்மனைக்கு விறகு சுமப்பதிலிருந்து போருக்கு வில்லெடுப்பது வரை அவரவர் குலத்துக்கும் நிலத்துக்கும் ஏற்றபடி அது விதிக்கப்பட்டிருந்தது. எனினும் 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இரண்டாம் இராஜசிங்கனின் கைதியாக இந்த மலைகளில் வாழ்ந்து, பின் தப்பிச் சென்று 1681இல் தன் நூலை வெளியிட்ட ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயன் ஒரு செய்தியைக் குறித்துவைத்திருக்கிறான்: ஊழியம் தாங்கமுடியாத சுமையாகிவிட்டால் நிலத்தை விட்டு நீங்கிவிடலாம், நீங்கியவன் ஊழியத்திலிருந்தும் விடுபட்டுவிடுவான், அப்படி நீங்கியவர்கள் ஏராளம் என்பதே அது. அரசன் கொடுங்கோலன் என்று பக்கந்தோறும் எழுதிய அந்தக் கைதியே இதையும் எழுதியிருப்பதால், இதனை நாம் நம்பத் தடையில்லை. பெற்ற நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. மிச்சமாகத் தொடர்ந்துவரும் கடனும் இல்லை, களங்கமும் இல்லை.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அதன்பின் பத்தாண்டு நிறைவதற்குள் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் ஒன்றைத் திறந்தார். கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு அக்கரையிலுள்ள கன்னொறுவையில் தாமே ஒரு தோட்டம் போட்டார். 1832இல் ராஜகாரியம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்திலிருந்து விடுபட்ட சிங்கள உழவன் தன் வயலையும் தோட்டத்தையும் விட்டுத் வெள்ளைக்காரத் தோட்டத் துரையின் காட்டுக்குக் கூலிக்கு வர விரும்பாததில் வியப்பொன்றுமில்லை. ஆகவே துரைமாரின் கண்கள் கடலுக்கு அப்பால் திரும்பின. திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டைச் சீமைகளில் மழை பொய்த்த கிராமங்களிலிருந்து, மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் கால்நடையாக வந்தவர்களின் பிரயாணத்தைப் பற்றி எழுதுவதென்றால் அது தனியொரு நூலாகும். வழியிலேயே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானவர்களின் எண்ணிக்கையை எவரும் சரிவரக் குறித்துவைக்கவில்லை. அவர்கள் போய்ச்சேர்ந்த இடம் எந்த மலையாயிருந்தாலும் தமிழ்நாட்டுக் கிராமத்தில் அதற்குப் பெயர் கண்டிச் சீமைதான்.

கோப்பிக் காலத்தில் இந்த வருகைக்கும் திரும்பிச் செல்லுகைக்கும் ஒரு பருவ ஒழுங்கு இருந்தது. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் சேர்த்த காசை முடிந்துகொண்டு தம் ஊருக்குப் போய், அங்கே வயல்வேலை பார்த்து, மறுவருஷம் விரும்பினால் வந்து, விரும்பாவிட்டால் வராதிருந்தவர்கள் அநேகர். வேலைக்கு வருவதும் விடுவதும் அவர்களுக்கு விதைப்பும் அறுப்பும் போல இயல்பாயிருந்தன. துரைமாருக்கோ அது சகிக்கவில்லை. பழம் கனிந்து உதிரும் நேரத்தில் ஆட்கள் போய்விட்டால் தம் மூலதனம் மண்ணாகிவிடுமென்ற அவர்களுடைய அச்சத்தைக் காரணமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அச்சத்துக்கு அவர்கள் தேடிய பரிகாரம் நல்ல கூலியாகவோ நல்ல குடியிருப்பாகவோ இல்லாமல், சிறையாக அமைந்ததே இந்நாட்டின் துரதிர்ஷ்டம்.

1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வேலை ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதனைத் திருத்தி விரிவாக்கி நிலைநிறுத்தியது. இந்த இரண்டாவது சட்டத்தின்படி, தகுந்த காரணமின்றி, தவணை முடியுமுன் வேலையை விட்டுப் போகிறவனுக்கு அபராதமும் மூன்று மாதம் வரை சிறைவாசமும் விதிக்கலாம். அவனுக்குச் சேரவேண்டிய கூலியும் பறிபோகும். அவனைத் தெரிந்தே இழுத்து வைத்துக்கொள்ளும் வேறு தோட்டத்தாருக்கும் தண்டனை உண்டு. சட்டத்தின் எழுத்திலே ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து எவனும் விலகலாம் என்றும் இருந்தது. ஆனால் துரையின் பாஷை அறியாத ஒருவன், காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நூறு பேர் நடுவே, ஆட்களைச் சேர்த்து மேற்பார்க்கும் கங்காணியின் பார்வைக்கு முன்னால், நான் போகிறேன் என்று சொல்லி, அதைத் துரை ஒப்புக்கொண்டு எழுதிவைத்து, மாதம் முடிந்தபின் பல மாதத்துக் கூலிப் பாக்கியையும் கையில் எண்ணிக் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது எத்தகைய பேதைமை! கூலி அக்காலத்தில் மாதக்கணக்கில் பிந்தியே வந்தது. 1889ஆம் ஆண்டின் சட்டம்கூட, மாதம் முடிந்து அறுபது நாளுக்குள் கொடுத்தால் போதும் என்றுதான் விதித்தது. உழைத்த காசு துரையின் பெட்டியிலிருக்க, போகத் துணிந்தவன் அதை இழந்துதான் போகவேண்டும்.

இங்கே ஒன்றை வாசகர்கள் கவனிக்கவேண்டும். இங்கிலாந்திலும் எஜமானன்–ஊழியன் சட்டங்கள் இதே முறையில் தொழிலாளியைச் சிறைக்கனுப்பி வந்தன. ஆனால் அந்நாட்டுத் தொழிலாளர் போராடி 1875இல் அவற்றை ஒழித்துவிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1876இல், கண்டி நகரத்தின் நடுவே போகம்பறைச் சிறைச்சாலை பெரிய மதில்களோடு எழுந்தது. தம் சொந்த நாட்டில் அநியாயம் என்று கைவிட்ட விதியை, அதே ஆட்சியாளர் இந்த மலைகளில் மேலும் 46 ஆண்டுகள் நடத்திவந்தார்கள்.

சிறை வெளியிலிருந்து கட்டியது. உள்ளிருந்து கட்டியது கடன். கங்காணி ஊருக்கு ஆள் கட்டப் போகும்போது தோட்டத்திலிருந்து முற்பணம் வாங்கிக்கொண்டு போவான். அந்தப் பணத்திலிருந்து ஊரிலிருந்த பழைய கடனைத் தீர்ப்பதற்கும், வழிச் செலவுக்கும், கம்பளிக்கும், அரிசிக்கும் கொடுத்ததெல்லாம் வருகிறவன் பேரில் எழுதப்படும். தோட்டத்தில் காலெடுத்து வைக்கும்போதே அவன் கடனாளி. நாள் முழுதும் உழைத்தால்தான் ஒரு பேர், இல்லாவிட்டால் அரைப் பேர் என்று கணக்கப்பிள்ளை பதியும் கணக்கில் எந்த அளவு கடனுக்குப் போயிற்று, எந்த அளவு அரிசிக்குப் போயிற்று என்பது எழுதப்படிக்கத் தெரியாதவனுக்கு எக்காலத்திலும் விளங்காத மர்மம். தன் கீழுள்ள ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே எவனும் போகாதிருப்பதே அவனுக்கு லாபம்.

இந்நிலையில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பியவர்களுக்கு வேண்டியிருந்தது துண்டு. இன்ன கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், இவர்களுடைய கடன் இவ்வளவு, இத்தொகையைச் செலுத்துகிறவருக்கு இவர்களை விடுவித்துக் கொடுக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கையொப்பமிடும் ஒரு சிறு காகிதம் அது. அதை எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டந்தோட்டமாக ஏறி இறங்குவான். ஆள் தேவைப்பட்ட துரை அந்தத் தொகைக்குக் காசோலை எழுதிக் கொடுத்ததும் கூட்டம் முழுவதும் மூட்டை முடிச்சுகளோடு புதிய தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பான லயத்துக்குக் குடிபெயரும். பெயரும்போது கடன் தீர்ந்துவிடாது. கடன்காரர் மாத்திரமே மாறுவார். ஆட்பஞ்சம் மிகுந்த காலங்களில், பழைய கடனுக்கு மேலும் ஒரு தொகையைப் புதிய துரையிடம் கேட்டு வாங்கி அதையும் ஆட்களின் பேரிலேயே ஏற்றிவிடும் கங்காணிகள் இருந்தபடியால், தோட்டம் மாறுந்தோறும் கடன் வளர்ந்தது. துண்டில்லாமல் வந்தவனை ஏற்கமாட்டோம் என்பது துரைமாருக்குள் இருந்த கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டின் தலைமைப் பீடம் வேறெங்கும் இல்லை, கண்டியிலேயே இருந்தது; 1854இல் இந்த நகரத்தில்தான் தோட்டத் துரைமார் சங்கம் தொடங்கப்பட்டது.

இனி நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். துண்டும் சிறையும் இருந்தும் ஓடிப்போனவர்கள் இருந்தார்கள். இரவில் மலைச்சரிவு வழியாக இறங்கி, அடுத்த பள்ளத்தாக்கிலோ கண்டிக் கடைத்தெருவிலோ மறைந்துவிட்டவர்கள் பேரில் வாரண்டுகள் பிறந்தன. அவர்கள் எதைக் கண்டு அஞ்சினார்கள் என்றால், போலீசைக் கண்டு அஞ்சியதைவிட அதிகமாகத் தம் இனசனத்தைக் கண்டே அஞ்சியிருக்கவேண்டும் என்பது என் துணிபு. ஏனெனில் கங்காணி பெரும்பாலும் அந்நியனல்லன். அதே ஊரான், அதே சாதியான், பெண்ணெடுத்துப் பெண் கொடுத்த உறவினன். பெரியப்பா, மாமா, மச்சான் என்று முறைசொல்லி அழைக்கப்பட்டவன். கூட்டத்தின் கடன் கூட்டத்தின் பேரிலேயே நின்றது. ஒருவன் ஓடிப்போனாலோ இறந்துபோனாலோ அவன் பங்கை மிஞ்சியிருந்தவர்கள் தலையில் கங்காணி ஏற்றிவிடுவது வழக்கமாயிருந்தது. ஆகவே ஓடிப்போனவன் துரைக்குத் துரோகம் செய்ததாக நினைத்து வருந்தியிருக்கமாட்டான். தன் தங்கை புருஷன் பேரில் தன் கடன் ஏறியிருக்குமே என்று நினைத்துத்தான் வருந்தியிருப்பான். அந்த வருத்தம் மெய்யானது, மனிதத் தன்மையுடையது, நாம் வணங்கத் தக்கது. ஆனால் அந்த மெய்யான பாசத்தையே கம்பிவேலியாக முறுக்கிக் கட்டிய அமைப்பு இருக்கிறதே, அதை என்னால் மன்னிக்கமுடியவில்லை. தோட்டத்துக்குக் காவற்காரன் தேவைப்படவில்லை. ஒவ்வொருவன் நெஞ்சிலும் மற்றவன் காவலிருந்தான்.

வேலையை விட்டுப் போவதில் துரைமார் எந்த நியாயத்தைத் தமக்கு அனுசரித்தார்கள் என்பதையும் பார்ப்போம். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மலையெல்லாம் மொட்டையாயிற்று. 1884இல் ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. துரைமார் பலர் தோட்டத்தை விட்டு, நாட்டையே விட்டுக் கப்பலேறினார்கள். ஆட்களுக்குக் கொடுக்கவேண்டிய கூலி பல தோட்டங்களில் கொடுபடாமலே நின்றது. அந்தத் துரைமாரை ஓடிப்போனவர்கள் என்று எவரும் அழைக்கவில்லை. நஷ்டப்பட்டவர்கள் என்று அனுதாபத்தோடு எழுதினார்கள். நஷ்டம் உண்மைதான். அதே ஆண்டுகளில் தமிழகத்தில் தாது வருஷப் பஞ்சம் ஊர்களைச் சூறையாடியிருந்தபடியால், கூலியை இழந்த தொழிலாளிக்குத் திரும்பிப் போகவும் இடமில்லை.

விசுவாசத்தின் பலனை அறிய விரும்புவோர் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தின் கதையை நினைக்கவேண்டும். பதினாறு வயதுப் பிள்ளையாக 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் வந்த ஜேம்ஸ் டெய்லர், அந்த ஒரே தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் இருந்தார். 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டு, இந்நாட்டின் தேயிலைத் தொழிலுக்கே அடிகோலியவர் அவர். 1892இல் தோட்டத்தின் உரிமையாளர்கள் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தாம் ஆக்கிய தோட்டத்தை விட்டுப் போக அவர் மறுத்தார். அவ்வாண்டு மே மாதமே வயிற்றுக்கடுப்புக் கண்டு இறந்தார். அவருடைய உடலை முறைமாற்றித் தோளிற் சுமந்து மலையிறக்கிக் கண்டி மகியாவ மயானத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவரிடம் வேலைசெய்த ஆட்கள். நாற்பதாண்டு உழைத்த வெள்ளைக்காரனுக்கே தோட்டம் கடைசியில் செய்தது இதுவென்றால், நாற்பது நாளில் விலக நினைத்த கூலிக்காரன் அதற்கு எந்த விசுவாசத்தைக் கடன்பட்டிருந்தான்?

தேயிலை வந்தபின் கட்டு மேலும் இறுகிற்று. கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக் கொழுந்துக்கு ஓய்வில்லை. வருஷம் முழுவதும் ஆண்களும் பெண்களும் குடும்பத்தோடு இருந்தாக வேண்டியதாயிற்று. ஊருக்குப் போய்வரும் பழைய வழக்கம் அருகியது. தோட்டத் துரைமார் 1904இல் திருச்சிராப்பள்ளியில் ஆள் சேர்க்கும் நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஜனங்கள் கடல் கடந்தார்கள். ரப்பர்த் தோட்டங்களும் பெருகி ஆளுக்குப் போட்டி மிகுந்தபோது துண்டுத் தொகைகள் ஏறின; துரைமாரே அந்தப் பாரத்தைத் தாங்கமுடியாமல் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். 1908இல் ஒரு விசாரணைக் குழு அறிக்கை தந்தது. ஆனாலும் துண்டு ஒழியவில்லை.

அதை ஒழித்த பெருமை பலருக்கு உரியது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தை நிறுவி, வேலையை விட்டதற்காக ஒரு மனிதனைச் சிறையிலிடும் சட்டம் நாகரிக சமுதாயத்துக்கு இழுக்கு என்று இடையறாது வாதாடினார். அவருக்குத் துணையாகச் செயலாளராய் நின்றவர் பெரி. சுந்தரம். மடுல்கலையில் தோட்டச் சூழலில் பிறந்து, கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் சென்று பாரிஸ்டராகித் திரும்பிய அவர், பின்னர் 1931இல் இந்நாட்டின் முதலாவது தொழில் அமைச்சரானார் என்பதை நம் பிள்ளைகளுக்குப் பாடசாலைகளில் போதிய அளவு சொல்லிக் கொடுப்பதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. இந்தியாவிலும் கடல்கடந்த தமிழரின் நிலைபற்றிய கொதிப்பு வளர்ந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையைத் தடைசெய்தது. தோட்டத் தொழிலாளி வேலையை விட்ட குற்றத்துக்காகச் சிறை செல்வதும் அதனோடு முடிந்தது. 1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்து, அதன்படி 1923இல் இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு கண்டியிலேயே தம் அலுவலகத்தைத் திறந்தார். துரைமார் சங்கம் வீற்றிருந்த அதே நகரத்துக்கு, தோட்டத்து மக்களின் மனுக்களும் முறையீடுகளும் வந்து சேரத் தொடங்கின. 1921இல் தேசநேசன் பத்திரிகையை ஏற்றுப் பிறகு ஹட்டனில் தங்கித் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் அந்த முறையீடுகளுக்கு அஞ்சாத நாவைக் கொடுத்தார்.

சட்டம் மாறினாலும் நடைமுறை உடனே மாறிவிடவில்லை. துண்டு போன இடத்தில், வேலையிலிருந்து விடுவித்ததற்கு அத்தாட்சியான பற்றுச்சீட்டு வந்து அமர்ந்தது, பேச்சில் பத்துச்சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிவது அரிதாயிருந்தது. வேலையோடு காம்பரா என்னும் லயத்து அறையும் பிணைந்திருந்தபடியால் வேலையை விட்டவன் கூரையையும் விடவேண்டும். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீசின் குண்டுக்கு இரையானது கூலிக்காகவும் சங்கத்துக்காகவும் நடந்த போராட்டத்திலே. ஆயினும் வேலையை விட்டு விலகும் உரிமை கிடைத்த ஒரு தலைமுறைக்குள்ளேயே, வேலையில் இருந்துகொண்டே நிமிர்ந்து நின்று கேட்கும் உரிமையை அம்மக்கள் நாடினார்கள் என்பதையும் அந்த மரணம் காட்டுகிறது.

இன்று கண்டியில் கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்க்கிற பிள்ளைக்கு 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் உண்டு. தொழில் திணைக்களம் உண்டு. வேலையை விட்டதற்காக எவரும் அவனைக் கூண்டில் ஏற்றமுடியாது. அவன் உழைத்த நாளின் சம்பளம் அவனுடையது. அப்படியிருந்தும் அவன் நடுங்குகிறான் என்றால், பாட்டனும் பாட்டியும் துண்டுக்காகக் காத்து நின்ற நடுக்கம் வீட்டுப் பேச்சிலும் வளர்ப்பிலும் இன்னும் தங்கியிருப்பதே காரணம் என்று நான் கருதுகிறேன். உடன் வேலைசெய்கிறவர்கள் தலையில் தன் சுமை ஏறாதபடி முன்கூட்டிச் சொல்லி, வாங்கியதைத் திருப்பி, நேருக்கு நேர் விடைபெற்றுப் போவது அவன் கடமை. அந்த அளவுக்கு வருந்துவதும் தகும். அதற்கு மேல் அவனிடம் வருத்தத்தை எதிர்பார்க்கும் உரிமை முதலாளிக்கும் இல்லை, சிபாரிசு செய்த மாமாவுக்கும் இல்லை. விலகுகிறவனின் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கும் முதலாளிமார், தாம் எந்த வழக்கத்தை மீண்டும் உயிர்ப்பிக்கிறோம் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மலைநாட்டுக் குடும்பங்கள் சிலவற்றின் தகரப் பெட்டிகளில் பழைய துண்டுகளும், பற்றுச்சீட்டுகளும், கழுத்தில் கட்டிய தகர வில்லைகளும் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றை அவமானச் சின்னங்களாக நினைத்து எரித்துவிடாதீர்கள். கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது. மூலத்தைக் கொடுக்க மனமில்லாவிட்டால் பிரதியையாவது அங்கே கொண்டுபோய்ச் சேருங்கள். அதில் எழுதப்பட்ட தொகையையும், தோட்டத்தின் பெயரையும், உங்கள் பாட்டனாரின் பெயரையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய பிறகு சேருங்கள்.